கல்யாணப் பொண்ணும் ஒரு பேட்டரியும்

மீன் வளர்க்கிறவன் மீன் சாப்பிடுவானா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சாப்பிடுவேன். மாந்தா துறைமுகத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு மீன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நேற்று இங்கே கொடுத்த மதியச் சாப்பாட்டிலும் சூரை மீன் இருந்தது. பிடித்து நாளாகிவிட்டது, சாப்பிடாதீர்கள் என்று காவலரிடம் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் தட்டையும் தள்ளி வைத்தார். அது என் தொழில், அரசு வழக்குரைஞர் அம்மா. டின் மீன் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில், ஓய்வு பெறும் வரை மீனை முகர்ந்து பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். காலமெல்லாம் செத்த மீன்களோடு இருந்தவனுக்கு உயிருள்ள ஒன்றை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொண்டிருப்பவரிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 'வருந்துகிறேன்' என்ற சொல்லை நான் சொல்லாத இடத்தில் அவராகச் சேர்க்கக் கூடாது. இப்படிப்பட்ட வாக்குமூலங்களில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

என் முன்னறையில், சுவர் அளவுக்கு நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பதை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். அதில் பவளங்களும் பாறைகளும் நானே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. தண்ணீரை ஓட வைக்க இரண்டு பம்புகள், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு கருவி, மேலே விளக்குகள். கடலுக்குள் ஒரு பாறை எப்படி உயிரோடு இருக்குமோ அப்படி இருக்கும். சின்னச் சின்ன மீன்களை வளர்த்துக் கை பழகிய பிறகுதான் நான் மூரிஷ் ஐடல் என்ற மீனுக்கு ஆசைப்பட்டேன். தட்டையான உடம்பு, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக அகலப் பட்டைகள், நீண்ட மூக்கு. முதுகிலிருந்து வெள்ளை இழை ஒன்று கிளம்பி வாலையும் தாண்டிப் பின்னால் மிதந்துகொண்டே வரும். எங்கள் கடலிலேயே இருக்கிற மீன்தான். கடலில் அது எந்தச் சிக்கலும் இல்லாமல் வாழ்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாப்பிடாது. நன்றாகச் சாப்பிடுகிற மீன் ஒரு நாள் காரணமே இல்லாமல் நிறுத்திக்கொள்ளும். பிறகு கண்ணுக்கு முன்னால் மெலிந்து சாகும்.

குவாயாகில் நகரத்தில் எங்களுக்கு மீன் தொட்டிக்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு. அதில் மூத்தவர் ஃபவுஸ்தோ. பல் டாக்டர், கையில் நிறையப் பணம், வீட்டில் என்னுடையதைப் போல மூன்று மடங்கு பெரிய தொட்டி. இந்த மீனை வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"வேணாம் தியோஃபிலோ. அத யாரும் வளக்க முடியாது. அது சாவறதுக்குக் கொஞ்சம் நாள் எடுத்துக்கும். அந்த நாளுக்குத்தான் நாம வளக்கறோம்னு பேரு வச்சிக்கறோம்" என்றார்.

சான் லொரென்சோவில் ஒரு முக்குளிப்பவன் எனக்கு அதைப் பிடித்துக் கொடுத்தான். எந்தப் பாறையில் பிடித்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டில் சாப்பிட்டது. சிப்பிச் சதையை அரைத்து, செத்த பவளக்கட்டையின் துளைகளில் பூசி உள்ளே இறக்கினால், அந்த நீண்ட மூக்கை ஒவ்வொரு துளையிலும் விட்டுக் கொத்தித் தின்றது. அதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை இங்கே சொல்லிக் காட்டப் போவதில்லை. ஃபவுஸ்தோ மாந்தாவுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்க்கையில் யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவளைப் பற்றித்தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலிம்பியா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கடற்கரையில் கரியடுப்பு போட்டு வாழைக்காயும் மீனும் சுட்டு விற்றுத் தன் மகளை வளர்த்தாள். புருஷன் சூரைக் கப்பலில் போனவன், திரும்பி வரவில்லை. அந்தப் புகையோ, வேறு எதுவோ, நுரையீரல் காய்ந்து சுருங்கும் நோய் வந்துவிட்டது. மகள் யாதிரா ஸ்பெயினில், முர்சியாவில், அடுத்தவர் வீட்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்னிடம் அனுப்பினாள். நான் மறுக்கவில்லை. முன்னறைக்கு அடுத்த அறையை ஒழித்துக் கொடுத்தேன். ஆக்சிஜன் செறிவூட்டி என்ற பெட்டியோடு அக்கா வந்து சேர்ந்தாள். அது பகலும் இரவும் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும்.

அவள் நல்லவள் என்று பக்கத்து வீட்டு எல்சிரா உங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். உண்மைதான். அவளைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லப் போவதில்லை. ஓயாமல் பேசுவாள். ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள், மூச்சு போதாத இடத்தில் நிறுத்திவிட்டு, பாட்டு முன்னால் போன பிறகு தாவிப் பிடித்துக்கொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேர்க்கடலை அரைத்து ஊற்றிய மீன் குழம்பு வைப்பாள். அதை எல்சிராவின் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவாள். அவள் வரும் முன் எல்சிராவின் பெயரே எனக்குத் தெரியாது. அவள் வந்த பிறகு என் வீட்டுக் கதவு மூடியே இருந்ததில்லை.

மீனைப் பார்த்த முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள். அப்போது அது இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கவில்லை. அந்த வெள்ளை இழை அவளுக்குக் கல்யாண முக்காடு போலத் தெரிந்தது.

"இத்தன வருஷம் கழிச்சு என் தம்பி ஒரு கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்கான். அதுவும் சாப்பிட மாட்டேங்கறா. உன் சமையல் அப்படிடா" என்றாள்.

நான் அந்த மீனுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. ஆனால் ஊரெல்லாம் அந்தப் பெயர் பரவியது. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, கல்யாணப் பொண்ணு சௌக்கியமா என்று கேட்டார்கள். பெரும்பாலும் அக்காவிடம்தான் கேட்டார்கள். தொட்டிக்கு யார் தண்ணீர் மாற்றுகிறார்கள், யார் உப்புக் கரைக்கிறார்கள் என்று அவர்களுக்கு அக்கறை இல்லை. அக்கா சிப்பிகளை உடைத்துக் கொடுத்தாள் என்பதும் உண்மை. அவள் விரல்கள் அதில் கெட்டி. அவள் அறையிலிருந்து நாற்காலியை நகர்த்தி வந்து கண்ணாடியில் விரலை வைத்தால் மீன் அங்கே வரும். என் விரலுக்கும் வரும். ஆனால் அவளுடையதற்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். இதை நான் எதற்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். எதற்காகவும் இல்லை. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொன்னேன்.

பிறகு மழை பொய்த்தது. அணைகள் வற்றி எக்வடோர் முழுக்க மின்வெட்டு வந்தது. பகலில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது, சில நாள் அதற்கும் மேலே. எப்போது போகும் என்று அறிவிப்பார்கள், அந்த நேரத்தில் போகாது, வேறு நேரத்தில் போகும். நீங்களும் அதில்தான் வாழ்ந்தீர்கள். உங்கள் வீட்டில் ஐஸ் பெட்டியில் இருந்த இறைச்சி கெட்டிருக்கும். என் வீட்டில் இரண்டு உயிர்கள் மின்சாரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

பம்புகள் நின்றால் தொட்டித் தண்ணீரில் காற்று குறையும். பவளங்களே அதைக் குடித்துத் தீர்த்துவிடும். முதல் வெட்டிலேயே மீன் பாறையின் மூலைக்குப் போய், வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் சாப்பிடவில்லை.

யாதிரா ஒரு பெரிய பேட்டரியை குவாயாகில் கடையில் பணம் கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். பெட்டி வந்து இறங்கிய உடனே போன் செய்தாள்.

"மாமா, இது அம்மாவோட மூச்சு. வேற எதையும் இதுல மாட்டிராதீங்க" என்றாள்.

சரிம்மா என்றேன். அப்போது அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் செய்தேன். மின்சாரம் போகும், அக்காவின் பெட்டி நின்று கத்தும், நான் ஒயரை பேட்டரியில் மாட்டுவேன், அது மறுபடி உறும ஆரம்பிக்கும். பிறகு முன்னறைக்கு வந்து ஒரு கிண்ணத்தால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுவேன், காற்று கலக்கட்டும் என்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். சிறிய பேட்டரிக் கட்டைகள் போட்டு ஓடும் காற்றுக் குமிழிக் கருவி கடையில் கிடைக்கிறதே என்று உங்கள் நிபுணர் கேட்டாராம். கிடைக்கிறது. என்னிடமும் ஒன்று இருந்தது. அது தங்க மீன் வளர்க்கிறவர்களுக்கு. அந்தக் குமிழிகளின் சத்தத்தில் இந்த மீன் மிரளும்.

இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முதலில் மீனுக்குக் கொடுத்தது நான் இல்லை. ஒலிம்பியாதான்.

நான் கிண்ணத்தோடு நிற்பதை அவள் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"டேய், இத அதுக்கு மாட்டு. நான் அசையாம உக்காந்திருந்தா கொஞ்ச நேரம் தாங்குவேன். அதால உக்கார முடியுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். மாட்டுடா என்றாள். மாட்டினேன். பம்புகள் ஓடின. மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, முகத்தைக் கடல் காற்றுக்குக் கொடுத்து, எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் உதடுகள் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தன. அன்று அவள் தாங்கினாள். மறுநாளும் தாங்கினாள். மனித உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதை நான் அவளிடம்தான் கற்றேன். மீன் பழகாது. கடல் அதற்கு அப்படி ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை.

கணக்கும் என் பக்கம்தான் இருந்தது. செறிவூட்டி மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். அக்காவுக்குக் கொடுத்தால் பேட்டரி பாதி வெட்டிலேயே இறங்கிவிடும், அதற்கு மேல் அவளுக்கும் இல்லை, மீனுக்கும் இல்லை. பம்புகளுக்குக் கொடுத்தால் முழு வெட்டும் தாங்கும், மிச்சமும் இருக்கும். ஒரே பொருளைக் கொண்டு ஓர் உயிரைப் பாதி காப்பாற்றுவதா, இன்னொன்றை முழுசாகக் காப்பாற்றுவதா? தொழிற்சாலையில் ஐஸ் குறைந்தால் எந்த மீனுக்குப் போடுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். இதுவும் அதைப் போன்ற ஒரு முடிவுதான்.

அக்காவின் பெட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் நின்றால் அது கத்தும். கூர்மையான சத்தம், வீடு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மீன் பாறையில் போய் மோதி விலாவில் செதில் உரிந்தது. நான் அந்தச் சத்தம் வரும் ஓட்டையைக் கண்டுபிடித்து, பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினேன். அவளுக்கும் அந்தச் சத்தம் தலைவலியாக இருந்தது. தூங்கும்போது நின்றுபோனால் எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். நான் விழித்திருப்பேன் என்றேன்.

பிறகு சிலிண்டர். அவசரத்துக்கு என்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருந்தது. அது காலியானது. நிரப்பக் கொண்டுபோனேன், மருத்துவமனைத் தெருவில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. அன்று மீனுக்கு உடம்பு சரியில்லை. புது உப்புத் தண்ணீர் தயார் செய்ய வேண்டும். சிலிண்டரை நிரப்பாமலே வண்டியில் வைத்துத் திரும்பிவிட்டேன். அதை அக்காவின் கட்டிலருகே வைத்து, நிரப்பியாகிவிட்டது என்று சொன்னேன். அவளுடைய நிம்மதிக்காக. நிம்மதியாக இருக்கும்போது மூச்சு குறைவாகவே செலவாகும்.

எல்சிரா இதையெல்லாம் மோப்பம் பிடித்தாள். ஒரு மத்தியானம் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்திருப்பதையும் தொட்டியில் தண்ணீர் சுழல்வதையும் பார்த்தாள். ஒயர் எங்கே போகிறது என்று தரையோடு பார்த்துக்கொண்டே நடந்தாள். தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, இது என்ன?"

"அக்கா சொன்னதுதான்."

"அவங்க சொல்லுவாங்க. உங்களுக்குச் சோறு இல்லேன்னா தன் கையையே வெட்டிக் குழம்புல போடுன்னு சொல்லுவாங்க. போட்ருவீங்களா?"

என் வீட்டில் என்னிடம் அப்படிப் பேச அவளுக்கு உரிமை கொடுத்தது யார் என்று கேட்டேன். அவள் குனிந்து ஒயரைப் பிடுங்கி, செறிவூட்டியில் மாட்டினாள். அக்கா கண்ணைத் திறந்து, "அவன்கிட்டச் சண்ட போடாத எல்சிரா. அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள்.

அதை அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு மனிதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு பொருள்தான் என்று உங்கள் வீட்டிலேயே, வெளியாளிடம், இரக்கத்தோடு ஒருவர் சொல்கிறார். அவருக்கோ மகள் இருக்கிறாள், தெரு இருக்கிறது, ரேடியோவில் பாட்டு இருக்கிறது. அன்றிலிருந்து நான் முன்கதவைத் தாழ் போட்டு வைத்தேன். நோயாளி ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்சிராவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னேன். யாதிரா போன் செய்தபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவள் அம்மாவும் அதையே சொன்னாள். ஒலிம்பியா என்னை ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை.

நீங்கள் எனக்கு இரக்கமே இல்லை என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. மின்சாரம் இருக்கும் நேரங்களில் அவளை நான்தான் குளிப்பாட்டினேன். தலை வாரினேன். வாழைக்காயை வேகவைத்து மசித்து, வெண்ணெய் போட்டு, உருண்டை பிடித்துக் கொடுத்தேன். யார் இதைச் செய்வார்கள்? அணைகளை வற்ற விட்டவர்கள் யாரும் இந்த அறையில் இல்லை. மகளைக் கடல் தாண்டி அனுப்பினால்தான் பிழைப்பு என்று ஆக்கியவர்கள் இல்லை. ஒரு பேட்டரியும் இரண்டு ஒயர்களும் வைத்திருந்த கிழவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்து அக்கா படுத்தாள். செறிவூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்சிரா போர்த்தோவியேஹோ ஊரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். தூறலும் இல்லை, வெயிலும் இல்லை, கடல் பக்கம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சூரைக் கப்பல் ஒன்று துறைக்குள் வருவதற்காக ஊதியது. அப்போது மின்சாரம் போனது. செறிவூட்டி சத்தமில்லாமல் நின்றது. பேட்டரி நிறைந்திருந்தது. நான் பம்புகளின் ஒயரை அதில் மாட்டினேன். தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா விழித்துக்கொண்டாள்.

"தியோ, கரண்ட் போயிருச்சா?"

"ஆமாக்கா."

"இன்னைக்கு அத எனக்கு மாட்டுடா. நெஞ்ச அடைக்குது."

"இதோ வரேன்" என்றேன்.

நான் எழுந்திருக்கவில்லை. என் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒயரைக் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோக ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. பம்புகள் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள் என்று தெரிந்தது. சிலிண்டரின் திருகைத் திறந்தாள். அதில் எதுவும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்டாள் தெரியுமா? ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துத்தான் கேட்க முடிந்தது.

"கல்யாணப் பொண்ணு... எப்படிடா... இருக்கா?"

"நல்லா இருக்காக்கா."

"சரி... அப்ப... இருக்கட்டும்" என்றாள்.

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. மின்சாரம் வந்தபோது செறிவூட்டி தானாக ஓட ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தேன். குழாய் அவள் கையில் இருந்தது. அவளை நேராகப் படுக்க வைத்து, கண்களை மூடினேன். பிறகு யாதிராவுக்குப் போன் செய்தேன். தூக்கத்தில் போய்விட்டாள் என்று சொன்னேன். பிளாஸ்திரியை எடுக்க மறந்துவிட்டேன். எல்சிரா திரும்பி வந்து அதைத்தான் உங்களிடம் காட்டியிருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். என் அக்கா ஒலிம்பியாவை நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். ஒயர் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. உலகத்தில் யாராலும் காப்பாற்ற முடியாத ஓர் உயிரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் எழுந்திருப்பேன் என்பீர்கள். இருந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்கிறீர்கள். கேளுங்கள்.

ஆமாம். உங்கள் நிபுணர் சொன்னது சரி. தொட்டியில் மீன் இல்லை.

அது அன்று காலையிலேயே செத்துவிட்டது. அக்கா எழுந்திருக்கும் முன் நான் பார்த்தேன். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது, அந்த வெள்ளை இழை பவளத்தில் சிக்கியிருந்தது. வெகு நாளாகவே அது சாப்பிடவில்லை. வலையில் எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கும். முகர்ந்து பார்க்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் என்னால் முடியவில்லை.

அப்படியானால் மதியம் பேட்டரி யாருக்காக ஓடியது என்கிறீர்கள். பவளங்கள் இருக்கின்றன. அவையும் உயிர்தான். சான் லொரென்சோக்காரன் இன்னொரு மீன் கொண்டு வருவான், அது வரும்போது தொட்டி தயாராக இருக்க வேண்டும். ஃபவுஸ்தோ வந்து பார்ப்பார். தொட்டியை நின்றுபோக விட முடியாது. இதில் உங்களுக்குப் புரியாதது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா கேட்டபோது மீன் நன்றாக இருக்கிறது என்று ஏன் சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், அம்மா. அந்த நேரத்தில் போய் கெட்ட செய்தியைச் சொல்வார்களா? அவள் மனம் வருந்தக் கூடாது என்று அந்த வீட்டில் நினைத்தவன் நான் ஒருவன்தான்.